ஏழு மணிக்காரர்

என் அக்காள் கணவரைப் பஸ் டிப்போவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏழு மணி' என்றுதான் சொல்வார்கள். அங்கே அவர் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எவ்வளவு தாமதமாகத் திரும்பியது என்று குறித்துக் கையெழுத்துப் போடுவது வேலை. இரண்டு நிமிடம் தாமதம் என்றால் இரண்டு நிமிடம்தான். டிரைவர் கெஞ்சினாலும் கூத்தாடினாலும் அது ஒன்றாகக் குறையாது. ஆனால் பட்டப்பெயர் வந்தது அதனால் அல்ல. மாலை ஏழு மணிக்கு வீட்டில் ஜெபம். அதற்காக மேலதிகாரி நடத்திய கூட்டத்தில் பாதியில் எழுந்து, "ஐயா, எனக்கு ஏழு மணி" என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர். அன்றைக்கு ஒட்டிய பெயர் ஓய்வு பெறும்வரை போகவில்லை.

எனக்கு அவர் அத்தான். நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கல்யாணம் ஆகவில்லை, இனி ஆகப் போவதுமில்லை. அவர்கள் வீட்டு மாடியறையில் பதினாறு வருடமாகக் குடியிருக்கிறேன். அதற்காக அத்தான் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் ஏழு மணிக்கு நான் கீழே இறங்கவில்லை என்றால் மாடிப்படியில் நின்று ஒரே ஒரு முறை இருமுவார். அந்த இருமலுக்கு நான் பயப்படுவேன்.

காலையில் மூன்று அதிகாரம், மாலையில் ஒன்று. பீரோ கதவின் உட்பக்கம் ஒரு வருட வாசிப்பு அட்டவணை ஒட்டியிருக்கும். வாசித்து முடித்ததும் நீலப் பென்சிலால் ஒரு டிக். முழு பைபிளையும் அவர் பத்து முறை முடித்திருந்தார், பதினோராவது ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்தது என்று தெரிந்துதான் சொல்கிறேன். மலையானாலும் வனாந்தரமானாலும் எங்கேயும் நிற்காமல், நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிற வாசிப்பு அது.

அக்கா பாலர் பள்ளி டீச்சர். எங்கள் இரண்டு பேரையும் தன் வகுப்புப் பிள்ளைகளைப் போலவே மேய்த்தாள். "டேய், கண்ணை மூடு" என்று ஜெபத்துக்கு நடுவில் என் தொடையில் கிள்ளுவாள். அவளும் ஒன்றும் ஒழுங்கில்லை. இவர் இவரைப் பெற்றார், அவர் அவரைப் பெற்றார் என்று வரும் அதிகாரங்களில் முழங்காலில் இருந்தபடியே தூங்கிப் போவாள். ஒருநாள் விழித்துக்கொண்டு, "இத்தனை பேரு இத்தனை பேரைப் பெத்திருக்காங்க. நமக்கு ஒண்ணுக்கு வழியில்லாமப் போச்சு பாருங்க" என்றாள், சிரித்துக்கொண்டேதான். அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மாட்டிக்கொண்டு அடுத்த அதிகாரத்துக்குப் போய்விட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்து போகும்?

ஜெபத்திலும் அப்படித்தான். பிரசங்க மேடையில் பேசுகிற தமிழில், "சர்வ வல்லமையுள்ள பிதாவே, தேவரீர் சமூகத்தில்" என்று தொடங்கி, சபைக்கு, போதகருக்கு, ஆட்சி செய்கிறவர்களுக்கு, நோயாளிகளுக்கு, பிரயாணம் செய்கிறவர்களுக்கு என்று வரிசையாகப் போய், இருபத்தைந்து நிமிடத்தில் ஆமென் வந்துவிடும். கடிகாரத்தைப் பார்க்காமலே வரும்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மூன்று செல்போனும் ஃப்ரிட்ஜின் மேல் போய்விட வேண்டும். அணைக்கவும் கூடாது. "அணைச்சு வெச்சுட்டு ஜெபம் பண்றதுல என்ன இருக்கு? அடிக்கும்போதும் எழுந்திருக்காம இருக்கணும். ஆண்டவர்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கோம். யாரா இருந்தாலும் காத்திருக்கட்டும்" என்பார். ஒருமுறை ஒரு மருந்துக் கடையில் ஃப்ரிட்ஜ் குளிரவில்லை, ஊசி மருந்தெல்லாம் கெட்டுப் போகும் என்று எனக்கு அழைப்பு வந்தது. நான் எழுந்து போய் எடுத்துவிட்டேன். அத்தான் ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. பத்தாவது நாள் அக்காதான் நடுவில் நின்று சமாதானம் செய்து வைத்தாள். அதற்கப்புறம் சொந்தக்காரர், டிப்போக்காரர், சபைக்காரர் எல்லோருக்கும் விஷயம் பரவிவிட்டது. ஏழிலிருந்து ஏழரை வரை எங்கள் வீட்டுக்கு ஒரு ஈ காக்கை கூடப் போன் செய்யாது.

அத்தான் ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் அக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. நான்கு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இதய வால்வில் பழுது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டு, திங்கட்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். பெண்கள் வார்டு, ஆறு மணிக்கு மேல் ஆண்களுக்கு இடமில்லை. சனிக்கிழமை மாலை நாங்கள் இருவரும் அவள் கட்டில் பக்கத்தில் இருந்தோம். ஐந்தே முக்காலுக்கே அவள் விரட்டினாள்.

"போங்க போங்க, உங்களுக்கு ஏழு மணி. பஸ் கிடைக்கலன்னா என்னைத்தான் சொல்லுவீங்க."

"ராத்திரிக்கு மாத்திரை ரெண்டு. ஞாபகம் இருக்கா?" என்றார் அத்தான்.

"இருக்கு டீச்சர்" என்றாள் அக்கா. பக்கத்துக் கட்டில் அம்மாள்கூடச் சிரித்துவிட்டாள்.

அன்று அத்தானின் ஜெபம் வழக்கத்தைவிட நீளம். சபையையும் ஆட்சியையும் சீக்கிரம் முடித்துக்கொண்டு அக்காவுக்கு வந்துவிட்டார். "உம்முடைய அடியாளைத் தொட்டுச் சுகமாக்கும்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது ஃப்ரிட்ஜ் மேல் போன் அடித்தது. நான் வழக்கம்போல் அரைக்கண் திறந்துதான் இருந்தேன். போன்களைச் சுவரில் சாய்த்து வைத்திருந்ததால், நான் முழங்காலிட்டிருந்த இடத்திலிருந்து திரை நன்றாகத் தெரிந்தது. அத்தானின் போன். 'வீடு' என்று வந்தது. அக்காவின் எண்ணை அவர் அப்படித்தான் பதிந்து வைத்திருந்தார்.

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். நான் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் அடித்தது. மறுபடியும் 'வீடு'. அத்தான் குரலை உயர்த்திப் போன் சத்தத்துக்கு மேலே ஜெபித்தார். என் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடிக்கட்டும், இவர் போட்ட சட்டம்தானே, இவரே கிடந்து தவிக்கட்டும், முடிந்ததும் போனைப் பார்த்து முகம் வெளுக்கட்டும் என்று நினைத்தேன். மாத்திரையைப் பற்றி ஏதோ கேட்கக் கூப்பிடுகிறாள் என்றுதான் எண்ணினேன். ஒன்பது நாள் பேசாமல் இருந்த மனிதரைப் பழிவாங்க எனக்கு நல்ல சந்தர்ப்பம் கிடைத்ததாகத் தோன்றியது. மூன்றாம் முறையும் அடித்து ஓய்ந்தது.

ஆமென் சொல்லி எழுந்து, போனைப் பார்த்து, அவர் திருப்பிக் கூப்பிட்டபோது ஒரு ஆயா எடுத்தாள். அக்காவைத் தீவிர சிகிச்சைக்குக் கொண்டு போயிருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குழாயும் கம்பியுமாகக் கிடந்தாள், நினைவில்லை. மறுநாள் பகல் பதினொரு மணிக்குப் போய்விட்டாள். சபையில் ஆராதனை முடிகிற நேரம் அது.

அந்த ஆயா அக்காவின் செல்போனையும் கண்ணாடியையும் ஒரு துணிப் பையில் போட்டு வைத்திருந்து அத்தானிடம் கொடுத்தாள். "திடீர்னு மூச்சு முட்டிடுச்சு ஐயா. டாக்டர் வர்றதுக்குள்ள, அவர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசணும், போடு போடுன்னாங்க. நான்தான் நம்பரை அழுத்திக் காதுல வெச்சேன். நீங்க எடுக்கல. 'அவரு ஜெபத்துல இருப்பாரு, முடிஞ்சதும் எடுப்பாரு'ன்னு அவங்களே சொன்னாங்க. அப்புறம் தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க."

நீங்கள் எடுத்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இரண்டு வார்த்தை? அது என்ன என்று எந்த டாக்டர் சொல்வார்?

அடக்கம் முடிந்தது. அத்தான் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டார், போனவர்களை வாசல்வரை வழியனுப்பினார். மறுநாள் காலையில் பைபிளைத் திறந்து, பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மூடினார். பீரோ கதவில் டிக் அந்தச் சனிக்கிழமையோடு நின்றது. ஏழு மணிக்கு முழங்காலில் நிற்பார், நானும் நிற்பேன். "சர்வ" என்று தொடங்குவார். அதற்கு மேல் வராது. உதடு மட்டும் அசையும். ஐந்து நிமிடம் கழித்து எழுந்து, பாயைச் சுருட்டி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடிப்பார். அந்த மனிதரிடமிருந்து ஜெபம் போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கும்? எனக்கு அவர் மேல் ஆத்திரமாகவும் இருந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. திரையில் என்ன வந்தது என்று நான் பார்த்ததை மட்டும் வாய் திறந்து சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிறு. எங்கள் போதகர் இளைஞர், நல்லவர். இடைவிடாத ஜெபத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தவர், "வேற எங்கேயும் போக வேண்டாம். நம்ம சபையிலேயே ஒரு சாட்சி இருக்கு. மனைவி உயிர் பிரியப் போகிற வேளையிலும் முழங்கால்ல நின்ற மனுஷன் அவர். போன் அடிச்சும் அசையல" என்றார். யாரிடமிருந்து கேள்விப்பட்டாரோ. எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். அவர்கள் பார்வையில் மெய்யான மரியாதை இருந்தது.

கோயிலில் சத்தமாக இருமக்கூட மாட்டாத அத்தான் மூன்றாவது பெஞ்சிலிருந்து எழுந்தார்.

"ஐயா, மன்னிக்கணும். அது அப்படி இல்ல."

போதகர் நிறுத்தினார்.

"அவ என்னைக் கூப்பிட்டா. மூணு தடவை கூப்பிட்டா. நான் எடுக்கல. அது விசுவாசம் இல்லீங்க ஐயா. எனக்கு நேரம் தவறக் கூடாது, அவ்வளவுதான். இதைப் பிரசங்கத்துல சொல்லாதீங்க. கேட்டுட்டு வேற யாராவது எடுக்காம இருந்துடப் போறாங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒரு குழந்தை எங்கோ பேசிக்கொண்டிருந்தது, அதன் வாயைத் தாய் பொத்தினாள். போதகர் எப்படியோ பாட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு வாசலில் கை குலுக்க வந்தவர்கள் பாதிப்பேர்தான். மற்றவர்கள் காலணி தேடுவதில் மும்முரமாக இருந்தார்கள். மறுநாள் போதகர் வீட்டுக்கு வந்து, தலையைக் குனிந்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். ஜெபிக்கட்டுமா என்று அவர் கேட்கவில்லை. அதற்காகவே எனக்கு அவர் மேல் மதிப்பு வந்தது.

அந்த வாரத்தில் ஒருநாள் மாடியிலிருந்து இறங்கும்போது கீழே பேச்சுச் சத்தம் கேட்டது. யாரோ விருந்தாளி என்று நினைத்துச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தேன். அத்தான் மட்டும் முழங்காலில் இருந்தார்.

"பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? ஒரு நிமிஷம் என் வாயை அடைச்சிருக்கக் கூடாதா? இருமலாவது வர வெச்சிருக்கக் கூடாதா? என்னமோ பெருசா கேட்கிற மாதிரி கேட்டுக்கிட்டு இருந்தீங்களே…"

தேவரீர் இல்லை, சமூகம் இல்லை. வீட்டில் பேசுகிற பேச்சு. இந்தப் பதினாறு வருட ஜெபத்தில் அவர் கடவுளிடம் கோபப்பட்டு நான் கேட்டதில்லை. நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதிலிருந்து வாசிப்பும் மாறியது. அட்டவணையை விட்டுவிட்டார். எண்பத்தெட்டாம் சங்கீதத்தில் போய் நின்றவர் அங்கேயே நின்றார். அது முறையீடு. மற்ற முறையீடுகளைப் போலக் கடைசியில் துதியாக முடியாது, இருட்டிலேயே முடிந்துவிடும். அதை இரண்டு மாதம் தினமும் வாசித்தார். "பத்து தடவை இதைத் தாண்டிப் போயிருக்கேன் மாப்ள. இப்படி ஒரு ஆளு உள்ள கிடந்து கத்திக்கிட்டு இருக்கான்னு தெரியவே இல்ல" என்றார் ஒருநாள். பிறகு யோபுவுக்குப் போனார். ஒரு நாளைக்கு நான்கு வசனம், சில நாள் ஒன்று. வாசித்துவிட்டு, அக்காவோடு பேசியிருக்க வேண்டியதையெல்லாம் ஆண்டவரிடம் பேசினார். பெற்றவர் பெயர்களைக் கேட்டு அவள் அன்று சொன்னதையும் சொன்னார். "அவ சிரிச்சா. நான் கண்ணாடியைத் துடைச்சேன். எனக்கும் அழுகை வந்துச்சுன்னு அவளுக்குத் தெரியாம போச்சே" என்றார். அந்த மனிதரைப் பதினாறு வருடம் கல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் நான்.

நான் சொல்லாமலே இருந்திருப்பேன். சாகும்வரைகூட. அவர்தான் விடவில்லை.

அக்கா போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. ஏழு மணி ஆகச் சில நிமிடம் இருந்தது. நான் பாயை விரித்துக்கொண்டிருந்தேன். அத்தான் பைபிளைத் திறக்காமல் என் முன்னால் வந்து நின்றார்.

"மாப்ள, உன்கிட்ட ஒண்ணு கேட்கணும். நீ என்னை மன்னிக்கணும்."

"என்னத்துக்கு அத்தான்?"

"அவ உனக்கும் அக்காதானே. அன்னிக்கு நீ பாவம், கண்ணை மூடிக்கிட்டு இருந்த. யாரு கூப்பிடுறாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சிருந்தா நீ எழுந்து எடுத்திருப்ப. ஒரு தடவை எடுத்ததுக்கு நான் ஒன்பது நாள் பேசாம இருந்தேன். உன் கையைக் கட்டிப் போட்டவன் நான். அவ கடைசிப் பேச்சை உனக்கும் இல்லாம பண்ணிட்டேன்."

கைகூப்பிவிட்டார். அறுபத்திரண்டு வயது மனிதர், எனக்கு முன்னால் கைகூப்பி நிற்கிறார். பொய் சொல்ல எவ்வளவு சுலபமான இடம் அது! "பரவாயில்லை அத்தான்" என்றால் முடிந்தது.

"கண் திறந்துதான் இருந்துச்சு அத்தான்" என்றேன். "வீடுன்னு வந்துச்சு. மூணு தடவையும் பார்த்தேன். உங்க மேல இருந்த கோவத்துல சும்மா இருந்துட்டேன். முடிஞ்சதும் நீங்க பார்த்துத் தவிக்கட்டும்னு இருந்தேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் மெதுவாகக் கீழே உட்கார்ந்தார்.

"எனக்கும் தெரியும்" என்றார் பிறகு.

"என்ன தெரியும்?"

"அவதான்னு தெரியும். நான் திரையைப் பார்க்கவே வேண்டாம் மாப்ள. ஏழு மணிக்கு எனக்கு வேற யாரு கூப்பிடுவா? ஊரே கூப்பிடாது. அவளும் சும்மா கூப்பிட மாட்டா. என்னைவிட அவதான் அந்த நேரத்தைக் காப்பாத்துனவ. அப்படிப்பட்டவ கூப்பிடுறான்னா…" அவர் குரல் உடைந்தது. "தெரிஞ்சும் குரலை ஒசத்தினேன். காத்திருப்பான்னு நினைச்சேன். முப்பத்தோரு வருஷமா எல்லாத்துக்கும் காத்திருந்தாளே, இன்னும் பத்து நிமிஷம் காத்திருக்க மாட்டாளான்னு நினைச்சேன். சபை முன்னாடி எழுந்து நின்னேனே, அங்கேயும் இதைச் சொல்லல. எடுக்கலன்னு மட்டும் சொன்னேன்."

இப்போது அழுதார். அடக்கத்தன்று வராத அழுகையெல்லாம் வந்தது. நானும் அழுதேன். இரண்டு கிழட்டு ஆண்கள் ஒரு பாயில் உட்கார்ந்து வாய்விட்டு அழுததைப் பார்க்க அக்கா இல்லாமல் போனாள். இருந்திருந்தால் இரண்டு பேர் தலையிலும் குட்டியிருப்பாள்.

ஏழு மணி எப்போதோ தாண்டிவிட்டது. அவர் நேரம் பார்க்கவில்லை. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு முழங்காலில் நின்றார். நான் அவர் பக்கத்தில் நின்றேன்.

"ஆண்டவரே," என்றார், "அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. இவனுக்கும் தெரிஞ்சிருந்துச்சு. உங்களுக்கும் தெரிஞ்சிருந்துச்சு. மூணு பேருமே பேசாம இருந்துட்டோம். எங்களால இனிமே அவகிட்டப் பேச முடியாது. அவ உங்க பக்கத்துலதான் இருக்கா. நீங்களாவது அவகிட்டப் பேசுங்க. அவ என்ன சொல்ல வந்தான்னு கேளுங்க. என்கிட்டச் சொல்ல வேண்டாம். அவளைச் சொல்ல விட்டு, முழுசாக் கேளுங்க. அது போதும்."

நான் ஆமென் சொன்னேன்.